கடவு கடவாக ஓர் ஆறு

வலியசாலை

மார்கழி விடியலில் திருவனந்தபுரம் வலியசாலைத் தெருவில் ஓடுவது கொஞ்சம் சங்கடமான காரியம். இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய அக்ரகார வீடுகள். வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு முடித்திருக்கிறார்கள். ஈரம் காயாத கோலத்தை மிதிக்க மனம் வரவில்லை. தாண்டியும் ஒதுங்கியும் ஓடினால் அது ஓட்டமாகவும் இல்லை, நடையாகவும் இல்லை. எதிரே பஜனைக் கோஷ்டி ஒன்று ஜால்ராவோடு வந்தது. ஒதுங்கி நின்று வழிவிட்டோம். கோஷ்டியில் முன்னால் வந்த பெரியவர் எங்கள் அரைக்கால் சட்டைகளைப் பார்த்துவிட்டு, பாட்டு நிற்காமலேயே புருவத்தை மட்டும் தூக்கினார்.

இந்தத் தெருவில் பிறந்தவன் என் நண்பன். இப்போது பிரான்ஸில் ஆர்லியான் நகரத்தில் வேலை. மார்கழிக்கு வீட்டுக்கு வந்திருந்தான். நான் திருநெல்வேலிக்காரன், பாளையங்கால்வாய்க் கரையில் ஓடிப் பழகியவன். லுவார் ஆற்றங்கரையில் ஓடுவதைப் பற்றி அவன் ஃபோனில் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமை எழும். கரையோடு பாதை, பாதைக்கு இந்தப் பக்கம் புல்வெளி, வெள்ளம் வந்தால் மூழ்கட்டும் என்று விட்டுவைத்த இடம், அப்புறம் நெடுமரக் காடு, திரும்பவும் ஆறு. மரத்திலும் வேலிக்கல்லிலும் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை தீட்டியிருக்கும். அந்தப் பட்டையைப் பார்த்துக்கொண்டே நாள்முழுக்கப் போகலாம். பிரான்ஸில் இப்படி அடையாளமிட்ட நெடும்பாதைகளில் முதலாவது அந்த லுவார் கரைப் பாதைதான், 1947இல் ஆர்லியான் பக்கம் தொடங்கியது என்று பெருமையாகச் சொல்வான்.

“உங்க ஊர்லயும் ஆறு இருக்கே, அதுவும் ரெண்டு. அதுல ஓடுவோம்” என்று நான்தான் சொன்னேன். வலியசாலையின் ஒரு முனையைத் தொட்டுக்கொண்டு போவது கிள்ளியாறு. கொஞ்சம் தள்ளிக் கரமனை ஆறு. கிள்ளியாற்றோடு இறங்கிக் கடல் பக்கம் போவது, பிறகு கரமனை ஆற்றோடு மலைப்பக்கம் ஏறுவது என்று திட்டம் போட்டோம்.

நண்பனின் அம்மா காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சிரித்தார். “ஆத்தங்கரையோட ஓடறதுக்கு இங்க வழி ஏதுடா? ஆத்துக்குள்ள எறங்கறதுக்குத்தான் வழி, கேட்டியா. ஓடறதானா மியூசியத்துக்குப் போங்கோ, ஊரே அங்கதான் ஓடறது.” அவர் சொன்னதில் பொய்யில்லை. திருவனந்தபுரத்தில் காலையில் ஓடுபவர்களும் நடப்பவர்களும் மியூசியம் வளாகத்துக்கும் கவடியார் சாலைக்கும்தான் போகிறார்கள். கடல் வேண்டுமென்றால் சங்குமுகம். ஆற்றுப் பக்கம் ஒருவரும் எட்டிப்பார்ப்பதில்லை.

புறப்படுமுன் தெருக்கோடி மகாதேவர் கோயில் வாசலில் நின்றோம். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் முதல் வெற்றியாகப் பேசப்படும் காந்தளூர்ச்சாலை இதுதான் என்பது இந்த ஊர்க்காரர்களின் உறுதியான நம்பிக்கை. விழிஞ்ஞம் பக்கம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. அங்கே நடந்தது கடற்போரா வேறு ஏற்பாடா என்பதிலும் சண்டை தீரவில்லை. ஆயிரம் வருஷத்துச் சண்டை, நாங்கள் ஓடி முடிப்பதற்குள் தீரப்போவதில்லை. கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம்.

கிள்ளிப்பாலம், ஆற்றுகால்

கிள்ளிப்பாலத்தில் நாகர்கோவில் போகும் நெடுஞ்சாலை ஆற்றைக் கடக்கிறது. நானே வந்த சாலை. பஸ்ஸில் இருந்து பார்த்தபோது கீழே ஆறு இருப்பது தெரியவே இல்லை. கைப்பிடிச் சுவரில் எக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது. இரண்டு கரையிலும் கல் கட்டிய சுவர், சுவருக்கு மேலே கடைகளின் பின்புறம், பின்புறத்திலிருந்து நீளும் குழாய்கள். தண்ணீர் கறுப்பு. சில இடங்களில் ஆகாயத்தாமரை மூடியிருக்கிறது.

நெடுமங்காடு தாலுகாவில் பனவூர்ப் பக்கத்துக் குன்றுகளில் ஊறி, சுமார் 24 கிலோமீட்டர் வருகிற சிற்றாறு இது. வழயிலை வரைக்கும் ஆறாக வந்து, நகரத்துக்குள் நுழைந்ததும் சாக்கடையாகிவிடுகிறது என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் 2018இல் கிள்ளியாறு மிஷன் என்று தொடங்கி, ஊர்மக்கள் மண்வெட்டியோடு இறங்கி மேல்பகுதியைச் சுத்தம் செய்தார்கள். அந்தக் கை நகரத்துப் பகுதிக்குப் போதவில்லை என்பது பாலத்தில் நின்றால் தெரிகிறது.

கரையோடு ஓடலாம் என்று இறங்கினோம். நூறடி போனதும் ஒரு மதில். சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து, அடுத்த சந்தில் நுழைந்தால் திரும்ப ஆறு. இருபதடி போனதும் ஒரு கேட். இன்னொரு சந்தில் ஒரு வீட்டுக் கொல்லைக்கே போய்விட்டோம். துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து, உங்களை யாராவது துரத்துகிறார்களா என்று மலையாளத்தில் கேட்டார். கேலியில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். ஆற்றங்கரையில் ஓடுகிறோம் என்று நண்பன் விளக்கியதும் அவருடைய கவலை கூடிவிட்டது.

நண்பன் தான் இருக்கும் ஊரின் சட்டத்தைச் சொன்னது அந்தக் கொல்லையில்தான். பிரான்ஸில் அரசுக்குச் சொந்தமான ஆறுகளின் கரையில் நிலம் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், நீரோரம் 3.25 மீட்டர் அகலத்துக்கு நடப்பவர்களுக்கு வழிவிட வேண்டும். அதில் வேலி போடக் கூடாது, மரம் நடக் கூடாது. படகு போகும் ஆறென்றால், முன்காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து படகை இழுத்த பக்கத்துக்கு 7.80 மீட்டர். குதிரையும் போய்விட்டது, இழுத்த படகும் போய்விட்டது. வழி மட்டும் சட்டத்தில் நிற்கிறது. அதில்தான் இவன் தினமும் ஓடுகிறான்.

எங்கள் ஊரில் அப்படியொரு சட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் கால்வாய்க் கரை இருக்கிறது. மடை திறக்கவும் கரை உடைந்தால் மண் போடவும் பொதுப்பணித்துறைக்கு ஆள் போய்வர வேண்டியிருந்தது. அந்தக் காரணத்தால் கோடகன்கால், பாளையங்கால், கன்னடியன்கால் எல்லாவற்றுக்கும் கரையில் ஒரு வண்டித்தடம் தங்கிவிட்டது. பாசனம் எனக்கு ஓடுபாதை போட்டுக்கொடுத்திருக்கிறது. இந்தப் பக்கத்து ஆறுகள் அப்படி வயலுக்காகக் கால்வாய் வெட்டிக் கட்டிப்போட்டவை அல்ல. அவரவர் தென்னந்தோப்பு, அவரவர் புரயிடம், நேராகத் தண்ணீர் விளிம்பு வரைக்கும் போகிறது.

ஆற்றுகாலில் தெரு விரிந்தது. பகவதி கோயில் வாசலில் அந்த நேரத்துக்கே நல்ல கூட்டம். கிள்ளியாற்றில் குளித்துக்கொண்டிருந்த வீட்டுத் தலைவரிடம், அக்கரையிலிருந்து என்னைக் கடத்திவிடு என்று ஒரு சிறுமி கேட்டாள். அவள்தான் பகவதி என்பது தலக்கதை. மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்கல்லூர் போகிற வழியில் கண்ணகி இங்கே தங்கினாள் என்றும் சொல்கிறார்கள். திருவிழாவில் பாடும் தோற்றம்பாட்டு முழுக்கக் கண்ணகி கதைதான். மதுரைக்குத் தெற்கேயுள்ள ஜில்லாக்காரனான எனக்கு இது விசேஷமாகப் பட்டது. நம் ஊரில் சிலைக்கும் பட்டிமன்றத்துக்கும் போய்விட்ட கண்ணகிக்கு இங்கே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். அதுவும் எவ்வளவு அடுப்பு! கும்பமாசப் பொங்காலையன்று 1997இல் 15 லட்சம் பெண்கள், 2009இல் 25 லட்சம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. மூன்று செங்கல், ஒரு மண்பானை, கொஞ்சம் ஓலை. கோயிலிலிருந்து மைல் கணக்கில் தெருவெல்லாம் இதுதான். வலியசாலையிலும் வீட்டுக்கு வீடு வாசலில் அடுப்பு. அன்றைக்குக் கண்ணைத் திறக்க முடியாத புகை என்றான் நண்பன். ஆற்றைக் கடக்க உதவி கேட்ட தெய்வத்தைக் கும்பிட வருபவர்களில் ஆற்றை எட்டிப் பார்ப்பவர்கள் எத்தனை பேரோ.

பள்ளத்துக்கடவு, திருவல்லம்

பள்ளத்துக்கடவில் கிள்ளியாறு கரமனை ஆற்றோடு சேர்கிறது. வாழைத்தோப்புக்கும் மதிலுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதையில் இறங்கினால், நாலைந்து கல்படிகள், அதற்கு மேல் அகலமான நீர். கறுத்த ஆறு பெரிய ஆற்றில் நுழைந்து கொஞ்ச தூரம் தனி நிறமாகவே போகிறது.

இந்த நகரத்தைச் சுற்றிக் கடவுகளுக்குக் குறைவில்லை. குண்டமண்கடவு, மங்காட்டுக்கடவு, பள்ளத்துக்கடவு. பல இப்போது பேட்டைப் பெயராகவும் பஸ் நிறுத்தமாகவும் இருக்கின்றன. குளிக்க, துவைக்க, தோணியேற, பலியிட என்று ஆறு இவர்களுக்குக் கடவு கடவாகத்தான் கிடைத்திருக்கிறது. ஒரு கடவிலிருந்து அடுத்த கடவுக்குப் போக வேண்டியிருந்தால் தோணியில் போயிருப்பார்கள். கரையில் நடக்க அவசியம் வந்திருக்காது. நண்பனின் அம்மா காபி கொடுக்கும்போது சொன்னதன் கனம் எனக்கு இங்கேதான் விளங்கியது.

படியில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு அறுபது, அறுபத்தைந்து வயது இருக்கும். சிறுவயதில் மணல்வாரித் தோணியில் வேலை பார்த்தவராம். மூச்சைப் பிடித்து முங்கிக் கூடையில் அள்ளிக்கொண்டு வருவார்களாம். “அப்போ இடுப்பளவுதான் வெள்ளம். இப்போ முங்கினா அடி கிட்டாது” என்று நாகர்கோவில் பக்கத்துத் தமிழும் மலையாளமும் கலந்து சொன்னார். அள்ளி அள்ளிக் குழியாகிவிட்டது. ஆற்று மணல் எடுப்பதைக் கட்டுப்படுத்தக் கேரளம் 2001இல் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே, சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த ஆ. மாதவன், மணல் அள்ளுகிறவர்களை வைத்துத் தமிழில் ‘புனலும் மணலும்’ நாவலை எழுதிவிட்டார். 2021இல் காலமானார். அவருடைய கடை இருந்த தெரு வலியசாலையிலிருந்து கூப்பிடு தூரம்.

பெரியவர் எங்களுக்கு வழி சொன்னதோடு விடாமல் கொஞ்ச தூரம் கூடவே வந்தார். அவர் கூட வந்த வரைக்கும் எந்த வீட்டு நாயும் குரைக்கவில்லை. அவர் திரும்பியதும் எல்லாம் சேர்ந்து குரைத்தன.

திருவல்லத்துக்குப் போய்ச் சேரும்போது நன்றாக விடிந்துவிட்டது. வேர்வை சட்டையை நனைத்து, கால்சட்டையை நனைத்து, ஷூவுக்குள் இறங்கியிருந்தது. டிசம்பர்தான், குளிர் என்று சொல்லத்தக்க காற்றும் இருந்தது; ஆனால் கடலோர ஈரத்தில் வேர்வை ஆவியாக மாட்டேன் என்கிறது. திருநெல்வேலியில் சித்திரை வெயிலில்கூட முகத்தில் உப்புப் பூத்துக் காய்ந்துவிடும். இங்கே நாமே ஒரு நீர்நிலையாகிவிடுகிறோம்.

பரசுராமர் கோயில் ஆற்றுப்படியில் பலிதர்ப்பணம் நடந்துகொண்டிருந்தது. கரமனையும் கிள்ளியும் சேர்ந்து வர, ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில் வெட்டிய பார்வதி புத்தனாறும் இங்கே கலப்பதால் திரிவேணி என்கிறார்கள். ஆடி அமாவாசையான கர்க்கடக வாவன்று நிற்க இடமிருக்காது. இன்றைக்கு ஏழெட்டுக் குடும்பங்கள்தான். நான் ஒரு பையனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வயதிருக்கும், ஈர வேட்டி, மோதிர விரலில் தர்ப்பைப் பவித்திரம். வாழையிலை நுனியில் உருட்டிய சோற்றையும் எள்ளையும் பூவையும் தண்ணீர் விட்டு நிறைத்தான். சாந்திக்காரர் சொன்னதும் இலையைக் கொண்டுபோய் மேடையில் வைத்துவிட்டு, ஈரக்கையை மூன்று தரம் தட்டினான். நனைந்த உள்ளங்கைகள் மோதும் அந்தச் சப்தம் தனியாகக் கேட்டது. தென்னையிலிருந்து காகங்கள் இறங்கின. எங்கள் ஊரில் ‘கா கா’ என்று வாயால் கூப்பிடுவோம்; அமாவாசைக்குக் குறுக்குத்துறையில் அந்தக் கூப்பாடு பெரிய இரைச்சல். இங்கே யாரும் வாய் திறக்கவில்லை. பையன் ஒரு நிமிஷம் காகத்தைப் பார்த்துவிட்டு, ஆற்றில் மூன்று முங்கு போட்டு எழுந்து, ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

புஞ்சக்கரி

வண்டித்தடம் என்கிற இடத்தைத் தாண்டியதும் மதில்கள் விலகின. நாங்கள் இவ்வளவு நேரம் தேடியது இதுதான் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். பேச்சை நிறுத்திவிட்டு வேகத்தைக் கூட்டினோம்.

வயல், வாய்க்கால், நடுவே உயர்ந்த வரப்புச்சாலை. ஒருபுறம் நாற்றுப் பச்சை, மறுபுறம் உழாமல் புல் மண்டிய சதுப்பு. அதற்கப்பால் தென்னை. அதற்கும் அப்பால் வெள்ளாயணிக் காயலின் வெள்ளி விளிம்பு. கேரளத்தில் நன்னீர்க் காயல் என்று மூன்றைச் சொல்வார்கள்: சாஸ்தாங்கோட்டை, வயநாட்டுப் பூக்கோடு, அப்புறம் இது. ஒரு காலத்தில் காயல் நீரைப் பம்பு வைத்து இறைத்துவிட்டு அடித்தரையில் நெல் விளைவித்தார்கள். அந்த விவசாயம் நின்றபின் நீர் திரும்பி வந்தது, கூடவே பறவைகளும்.

நண்பன் ஓடிக்கொண்டே கையை நீட்டினான். அல்லியிலைகளின் மேல் இலைக்கோழி ஒன்று நடந்து போயிற்று. நீண்ட விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைக்கிறது. இலை அமுங்குகிறது, முழுகுவதற்குள் அடுத்த இலை. இந்த மாதத்தில் அதற்கு நீண்ட வால் கிடையாது, இனப்பெருக்கக் காலத்தில்தான் அது வளரும். நாணலுக்குள் நீலத் தாழைக்கோழிகள் சண்டை போட்டன. உழுத வயலில் டிராக்டருக்குப் பின்னால் வெள்ளைக் கொக்குகள் வரிசையாகப் போயின. லுவார் கரையில் இவ்வளவு இருக்காதே என்றேன். “அங்க இந்த மாசம் புல்லெல்லாம் வெளுத்து, மரமெல்லாம் மொட்டையா நிக்கும். அதுல ஓடறது வேற சுகம்” என்றான். பிறந்த ஊரை விட்டுக்கொடுக்காமல் பேசுவதா, இருக்கும் ஊரை விட்டுக்கொடுக்காமல் பேசுவதா என்று வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு எப்போதும் ஒரு தடுமாற்றம்.

வாய்க்காலின் குறுக்கே ஒரு சிறிய பாலம். அதில் ஏழெட்டுப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1989இல் வந்த ‘கிரீடம்’ படத்தில் மோகன்லால் சோகமாக நிற்கும் பாலம். இன்றைக்கும் கிரீடம் பாலம் என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும். சிபி மலையிலின் அந்தப் படத்தை அஜித்தை வைத்துத் தமிழிலும் எடுத்தார்கள். நானும் நண்பனும் ஓட்டத்தை நிறுத்திப் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டோம். வேர்வையில் நனைந்த இரண்டு நடுவயதுக்காரர்களுக்கு அந்தச் சோகம் பொருந்தவில்லை.

பாலத்துக்கு அருகே பயற்றம்பந்தல் கட்டிக்கொண்டிருந்த விவசாயி கட்டுக் கட்டாக நீளப்பயறு அறுத்து வைத்திருந்தார். கல்லியூர்ப் பக்கமெல்லாம் காய்கறி விவசாயம்தான். நெல்லை விட்டு ஏன் பயறு என்று கேட்டேன். கையிலிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து முடிச்சிட்டுவிட்டுச் சொன்னார்: “நெல்லு ஆறு மாசம் காக்க வைக்கும் சாரே. பயறு ஒண்ணரை மாசத்துல காசு தரும்.” அப்புறம் அவரே, நெல்லை விட்டுவிட்டால் தண்ணீர் நிற்க இடமில்லாமல் போகும், வீடு வந்துவிடும் என்றும் சொன்னார். சதுப்பின் ஓரத்தில் மண் கொட்டி மேடாக்கிய மனைகள் இரண்டு மூன்று கண்ணில் பட்டன.

அங்கிருந்து காயல் கரையோடு வேளாண் கல்லூரி வளாகத்துக்குள் நுழைந்தோம். 1955இல் தொடங்கிய கல்லூரி. மேடு பள்ளமான செம்மண்நிலத்தில் பெரிய மரங்களுக்கு நடுவே சாலைகள். பேராசிரியர் மாதிரி இருந்த ஒருவர் எதிரே ஓடிவந்தார். அன்றைக்கு நாங்கள் பார்த்த முதல் ஓட்டக்காரர். மூன்று பேரும் கையசைத்துக்கொண்டதில் ஒரு ஜாதிப் பாசமே இருந்தது.

பிறகு சாப்பாடு. வெள்ளாயணி முக்கில் ஒரு பெட்டிக்கடை அளவு உணவகம். மரச்சீனி வேகவைத்து உடைத்து, தேங்காயும் மஞ்சளும் சேர்த்துக் கிளறியிருந்தார்கள். எனக்கு அதோடு குடம்புளி போட்ட மீன்குழம்பு. நண்பனுக்குக் காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் இடித்த சம்மந்தி. பஞ்சத்துக்கு உதவும் என்று விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு இது என்பார்கள். பஞ்சம் போன பிறகும் கிழங்கு போகவில்லை. காந்தாரி நாக்கில் ஏறியதும் நண்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆர்லியானில் பத்து வருஷம் இருந்தால் இதுதான் கதி என்று கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். முடிவில் ஆளுக்கு ஒரு கட்டஞ்சாயாவும் ரசவடையும். புளிப்பும் காரமுமான ரசத்தில் ஊறிய பருப்புவடை இந்த நகரத்தின் தனிச்சொத்து. நம் ஊர் ரசவடையை இதன் பக்கத்தில் வைக்காமலிருப்பது நல்லது.

அருவிக்கரை

கடல் பக்கம் முடிந்தது; இனி மேலே. மறுநாள் விடியுமுன் அருவிக்கரையில் இருந்தோம்.

கரமனை ஆற்றைப் பாறைகளுக்கு நடுவே மறித்துக் கட்டிய சின்ன அணை. 1933இல் வைஸ்ராய் வில்லிங்டன் பிரபு வந்து திறந்துவைத்த குடிநீர்த் திட்டம். இன்றைக்கும் திருவனந்தபுரம் நகரம் பெரும்பாலும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். வலியசாலையில் காபி போட்ட தண்ணீரும் இதுவே. இங்கே நின்றபோது முதல் நாள் பார்த்த மதில்களின் கதை எனக்குப் பிடிபட்டது. குழாய் வீட்டுக்கு வந்தபின் கடவுக்கு யார் போவார்கள்? குளிக்கப் போகாத ஆற்றுக்கு வழி எதற்கு? வழி தேவைப்படாத இடத்தில் மதில் எழும்பத்தான் செய்யும். அந்தப் பொறாமையை எல்லாம் பிரான்ஸ் சட்டத்தின் மேல் வைத்துக்கொண்டிருந்த எனக்கு, வீட்டுக் குழாயும் ஒரு காரணம் என்று படவே ஒரு நாள் ஆயிற்று. குழாயைக் குறை சொல்ல முடியுமா? காலரா காலத்தில் அது எத்தனை உயிரைக் காத்திருக்கும்.

அணைக்குப் பக்கத்திலேயே பகவதி கோயில். படித்துறையில் பக்தர்கள் பொரி போட, கொழுத்த மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று புரள்கின்றன. யாரும் பிடிப்பதில்லை. அவற்றுக்கும் அது தெரிந்திருக்கிறது.

ஆற்றோரமாக மேலே போகிற சாலை சீக்கிரமே ரப்பர்த் தோட்டத்துக்குள் நுழைகிறது. லுவார் கரையின் காட்டுக்குப் பதிலாக இந்தப் பக்கத்தில் கிடைப்பது இதுதான்: வரிசை பிசகாத மரங்கள், நடுவே சருகு மெத்தை. மார்கழியில் ரப்பர் இலை செம்பு நிறமாகித் தையில் உதிரும். இப்போதே பாதி சிவந்திருந்தது. ஓட இதைவிட மெத்தென்ற தரை கிடையாது. ஆனால் இதைக் காடு என்று நான் சொல்ல மாட்டேன். பறவைச் சத்தமே இல்லை. ஓடும்போது நம் மூச்சும் சருகும்தான் கேட்கின்றன.

பால்வெட்டுகிற ஒருவர் நெற்றியில் விளக்கோடு மரம் மரமாகப் போய்க்கொண்டிருந்தார். நின்று பார்த்தேன். முந்தின வெட்டின் மேல் ஒட்டியிருந்த காய்ந்த பாலை நாடாவாக உரித்து இடுப்புப் பையில் போட்டார். கத்தியைச் சாய்த்து, நூல் கனத்துக்கு ஒரு சீவு. இடமிருந்து வலம் இறங்கும் ஒரே இழுப்பு. கோடு முழுக்க வெள்ளை முத்துகள் அரும்பி, சேர்ந்து, தகரமூக்கு வழியாகச் சிரட்டையில் சொட்டத் தொடங்கின. அதற்குள் அவர் மூன்றாவது மரத்தில் இருந்தார். ஆழமாக வெட்டினால் மரம் கெடும், மேலாக வெட்டினால் பால் வராது. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். எங்கள் ஷூக்களைச் சுட்டிக்காட்டி, “இதுலயும் ரப்பர்தானே?” என்று கேட்டார். தானும் காலையில் மலையேறி இறங்கி ஓடுவதுதான், சம்பளம் தருகிறார்கள் என்றார்.

பேப்பாறை

ஆரியநாடு, விதுரை தாண்டி மேலே போனால் பேப்பாறை. அருவிக்கரைக்குத் தண்ணீர் தட்டாமலிருக்க 1983இல் கட்டிய அணை. அதே ஆண்டில் சுற்றியுள்ள காடு சரணாலயமாயிற்று. நீர்த்தேக்கத்துக்கு அப்பால் மலை மேல் மலையாக நின்று, கடைசியில் 1,868 மீட்டர் உயரத்தில் அகத்தியர் மலை.

அந்த மலையைப் பார்த்ததும் நான் கொஞ்சம் ஆடித்தான் போனேன். வீட்டு மாடியிலிருந்து தினமும் மேற்கே பார்க்கிற மலையின் முதுகு இது. என் தாமிரபரணி அந்தச் சரிவில் இறங்கிப் பாபநாசம் வழியாகக் கிழக்கே போய்ப் புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. இந்தக் கரமனை இந்தச் சரிவில் இறங்கி மேற்கே கோவளத்துக்குப் பக்கத்தில் சேர்கிறது. ஒரே மழை, ஒரு முகட்டில் இந்தப் பக்கம் விழுந்தால் வலியசாலைக் காபி, அந்தப் பக்கம் விழுந்தால் அம்பாசமுத்திரம் நெல்.

செக்போஸ்ட்டில் எங்களோடு வழிகாட்டியாக அனுப்பப்பட்டவர் காணிக்காரர். ஒல்லியான உடம்பு, காலில் ரப்பர்ச் செருப்பு. காரையாறு, சேர்வலாறு பக்கம் எங்கள் ஜில்லாவிலும் காணிகள் இருக்கிறார்களே என்றேன். சித்தி ஒருத்தி அங்கேதான் இருக்கிறாள் என்றார். அவர் தமிழ் என் காதுக்குப் பாபநாசம் தமிழாகவே கேட்டது.

ஓடுபவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு கதை இந்த மலையில் நடந்தது. 1987இல் புஷ்பாங்கதன் தலைமையில் தாவரவியலாளர்கள் சிலர் அகத்தியர் மலைக்காட்டில் ஏறினார்கள். வழிகாட்டிய காணி இளைஞர்கள் களைப்பே இல்லாமல் ஏறிக்கொண்டிருக்க, ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்கியது. காணிகள் இடையிடையே ஏதோ சிறு பழத்தை மென்றுகொண்டிருந்தார்கள். கேட்டு, வற்புறுத்தி, இவர்களும் தின்றதும் தெம்பு வந்ததாம். எளிதில் சொல்லிவிடவில்லை; குலரகசியம். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதை ஆராய்ந்து பாலோட்டில் உள்ள தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனம் ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்குத் தயாரிப்பு உரிமையை விற்றது. கிடைத்த பணத்தில் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு என்று ஏற்பாடு. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்ததற்கு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்பட்டது. அந்தப் பங்கு போதுமா, யார் யாருக்குப் போனது என்ற கேள்விகளும் கூடவே எழுந்தன.

அந்தப் பழம் இப்போதும் தின்பதுண்டா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். “உண்டு. ஆனா அது மேலே போகும்போது. நீங்க அணைக்கரையில சுத்துறதுக்கு அது எதுக்கு?” என்றார்.

நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் பாதை இருந்தது. மதில் இல்லை, கேட் இல்லை, ஒரு பக்கம் புல், மறுபக்கம் உண்மையான காடு. லுவாரில் உள்ளது போல் தண்ணீர் ஏறி இறங்குகிற இடத்தில் புல் மட்டும் வளர்ந்து, கண்ணுக்கெட்டிய வரை திறந்து கிடந்தது. நண்பன் ஷூக்கயிற்றை இறுக்கிக் கட்டினான். நானும் கட்டினேன். வழிகாட்டி குச்சியை நீட்டித் தடுத்தார்.

“இங்க ஓடக் கூடாது.”

புல்லில் ஒரு முழ அகலத்துக்கு வட்டம் வட்டமாக அமுங்கிய தடம். விளிம்பில் இன்னும் நீர் கசிந்துகொண்டிருந்தது. ராத்திரி தண்ணீர் குடிக்க வந்த ஆனை, இன்னும் தூரத்துக்குப் போயிருக்காது என்றார். நடந்தால் பரவாயில்லையா என்று நண்பன் கேட்டான்.

“நடந்தா அது நம்மள ஆளுன்னு நெனைக்கும். ஓடினாத்தான் என்னவோ ஏதோன்னு பாக்க வரும்” என்று சொல்லிவிட்டு, அவர் முன்னால் நடந்தார்.